நாற்பத்து மூன்று சொடக்குகள்

யாழினியின் வாயில் இருந்த பற்கள் எல்லாமே அவளுடையவை. அக்சிலியாவை உறுத்தியது அதுதான்.

பாடி முடித்த யாழினி கல்லூரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நல்லா வந்திருக்குங்களாக்கா? அப்பாகிட்ட முடிஞ்சுதுன்னு சொல்லிரட்டுமா?" என்று கேட்டாள். சொல்லிரு என்று அனுப்பிவிட்டுத்தான் அக்சிலியா கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டிப் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். இரண்டாம் அடியில் வந்தது அது. தகரத்தில் யாரோ நகத்தால் சுண்டியது போல ஒரு சொடக்கு. நாலு விநாடி கழித்து இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்க ஒட்டியிருந்த முட்டை அட்டைகள் அவளையே பார்ப்பது போலிருந்தன.

சூரமங்கலத்தில் இந்தப் பின்னறையை அவள் ஒலிப்பதிவு அறையாக்கி இரண்டு வருடம் ஆகிறது. விளம்பர ஆட்டோக்களுக்கு அறிவிப்பு, பள்ளிக்கூடங்களுக்குப் பாடம், நினைவுநாள் செபம் என்று வேலை வந்துகொண்டிருந்தது. முதலில் "நம்ம பின்ரூம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர் "ஸ்டுடியோ" என்றது. எப்போதிலிருந்தோ அவளும் அப்படியே சொல்ல ஆரம்பித்திருந்தாள். இந்தத் தவக்காலத்துக்குப் பங்குக் கோவிலின் பாடகர் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்ய வந்ததும் அந்தப் பெயரை நம்பித்தான். குருத்து ஞாயிறன்று பங்கு மக்கள் எல்லோருடைய போனுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஜோஸ்வா, மனைவி கேபிள்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். அவனுக்கு லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் வேலை.

"சோறு இருக்குதா, இல்ல கேபிள்தானா?"

"போட்டுச் சாப்பிடுங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்குது."

"என்ன, மறுபடியும் அந்த டிக்கு டிக்கா? அது இன்பமேரி அத்தை பல்செட்டுன்னியே."

அவன் தட்டோடு வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். "ஒண்ணொண்ணா கழட்டிப் பாரு அக்சி. கழட்டினதும் எது நின்னு போச்சோ அதுதான் கள்ளன். எங்க பட்டறைல அப்பிடித்தான்."

"அப்பிடியும் கெடைக்கலைனா?"

"எலி கடிச்சிருக்குங்கன்னு ஓனர்கிட்ட சொல்லிருவோம்." ரசத்தை ஊற்றிக்கொண்டே சிரித்தான். "நாமக்கல்காரர் லாரியா இருந்தாலும் சரி, சங்ககிரிக்காரர் லாரியா இருந்தாலும் சரி, எலின்னா ஒத்துக்குவாங்க. எலி வந்து நான் கடிக்கலைன்னா சொல்லப் போகுது?"

அவனோடு சேர்ந்து சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

அவன் போனபின் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மைக்கின் கேபிளை மாற்றினாள், சொடக்கு இருந்தது. மைக்கையே மாற்றினாள், இருந்தது. மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் பெட்டியை வேறு துளையில் சொருகினாள்; இருந்தது. ஒலியைக் கம்ப்யூட்டர் எவ்வளவு சேர்த்து வைத்து எழுத வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைக் கூட்டினாள், சொடக்குகள் குறைந்தன, நிற்கவில்லை. யாருமே பாடவில்லை. வெறும் அறையின் அமைதியைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தாள். அந்த அமைதிக்குள்ளும் யாரோ நகத்தால் சுண்டிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் வைஃபையை அணைத்தாள்.

ஐந்து நிமிடம் ஓடவிட்டாள். பத்து நிமிடம். ஜங்ஷனில் ஒரு ரயில் ஊதிவிட்டுக் கிளம்பியது, அது மட்டும் மெல்லிசாகப் பதிவாகியிருந்தது. வைஃபையைத் திரும்பப் போட்டாள். டிக்.

காரணம் உடனே புரிந்துவிட்டது. மாசியில் ஒரு பதிவு அழிந்துபோய்ப் பெரிய தலைவலியாகிவிட்டதால், பதிவாகப் பதிவாகவே ஒரு நகல் இணையத்துக்குப் போய்ச் சேரும்படி அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். நகலை அனுப்பும் அவசரத்தில் கம்ப்யூட்டர் ஒலியை அங்கங்கே தவறவிட்டிருக்கிறது. தவறவிட்ட ஒவ்வொரு இடமும் ஒரு சொடக்கு.

கண்டுபிடித்தால் சந்தோஷம்தானே வர வேண்டும். அவளுக்கு வந்தது அந்த முதல் பதிவு நாளின் நினைவு.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அது. பாடகர் குழுவில் ஒன்பது பேர் இந்த அறையிலும் வாசலிலுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாட்டை எழுதியவர் குழுத் தலைவர் பாக்கியநாதன், யாழினியின் அப்பா. "நீர் சுமந்த சுமையின் ஒரு முனை தாரும்" என்று தொடங்கும் அதைத் தனிக்குரலில் பாட வேண்டியவள் இன்பமேரி. அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், அறுபத்து மூன்று வயது. சூரமங்கலம் கோவிலில் முப்பது வருடமாகப் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு என்றால் அவள் குரல்தான். டவுன் பஸ்ஸில் விழுந்து மேல்வரிசை முன்பற்கள் நாலு போய், இரண்டு வருடமாகப் பல்செட்டு வைத்திருந்தாள்.

அவள் பாடினாள். அக்சிலியாவுக்கு ஹெட்போனில் சொடக்கு கேட்டது. நிறுத்தி மறுபடியும் பாடச் சொன்னாள். மறுபடியும் கேட்டது. மூன்றாம் தடவை. வாசலில் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். "என்ன தாயி, மெசின்ல கோளாறா?" என்று பாக்கியநாதன் மெதுவாகத்தான் கேட்டார்.

கேட்டவுடனே முகம் சூடாகியது அவளுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "மெசின்லாம் நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். பிறகு அதே மூச்சில், "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க பல்செட்டு ஆடுதுங்க. அந்தச் சத்தம்தான் மைக்குல விழுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இன்பமேரியின் வாயைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். இன்பமேரியின் கை தானாக மேலே போய் உதட்டை மூடியது.

"அப்பிடிங்களா" என்றாள் கைக்குள்ளிருந்து.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மட்டும் தனியாக வந்தாள். பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் வாயோடு பாடினாள். அன்று ஒரு சொடக்கு கூட வரவில்லை. ஆனால் பாட்டின் வரிகள் முழுக்க 'ச' எழுத்தாக இருந்தன. சுமந்த, சுமை என்று வரும் இடமெல்லாம் காற்று ஒழுகியது. "நீங்களே கேளுங்க அத்தை" என்று அக்சிலியா ஹெட்போனைக் கொடுத்தாள். இன்பமேரி பாதி வரை கேட்டாள். "வேண்டாஞ் சாமி. அந்தப் புள்ள யாழினியப் பாடச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாதாந்திர மின்தடை. கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது. முன்னறையில் இருக்கும் ரவுட்டருக்கு இன்வெர்ட்டர் லைன் கிடையாது; அன்று வைஃபையே இல்லை.

இப்போது அக்சிலியா பழைய சனிக்கிழமைப் பதிவைத் தேடி எடுத்தாள். அதை அவள் அழிக்கவில்லை. தொடக்கத்தில் இன்பமேரி தொண்டையைச் செருமுவது கேட்டது. "ஆரம்பிக்கலாமா சாமி?" என்று கேட்கிறாள். பிறகு ஏழு விநாடி அமைதி, வாயை மூடிக்கொண்டு அவள் காத்திருந்த அமைதி. அதற்குள் டிக். மறுபடியும் டிக்.

திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். அலை ஓடிக்கொண்டே இருந்து கத்தரியால் நறுக்கியது போல் அறுந்து, வேறோர் இடத்தில் தொடங்கியிருந்தது. பல்லோ நாக்கோ போடும் சத்தம் இப்படி இருக்காது. அதற்குச் சின்னதாக ஒரு குமிழ் எழுந்து அடங்கும். இது அவளுக்கு அன்றும் தெரியும். பெரிதாக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்கவில்லை.

பாட்டு முழுக்கக் குறி வைத்துக்கொண்டே போய் எண்ணினாள். நாற்பத்து மூன்று.

தனக்குள் ஒரு பெரிய காரணத்தைத் தேடினாள். பத்து வயதில் கிறிஸ்மஸ் பாட்டுக்கு நின்றபோது, "நீ வாய மட்டும் அசை கண்ணு" என்று இன்பமேரி அவள் காதில் சொன்னது உண்டு. அந்தக் கோபமா? சற்று நேரம் அது பொருந்துவது போலக் கூட இருந்தது. பழைய காயம் என்று ஒன்று இருந்தால் செய்த காரியத்துக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிடுகிறது. ஆனால் அது உண்மையில்லை. அந்தச் சனிக்கிழமை அவளுக்குக் கிறிஸ்மஸ் நினைவே வரவில்லை. மெஷினில் கோளாறா என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பக்கத்தில் ஒருத்தி பல்செட்டோடு நின்றாள். அவ்வளவுதான். எலி வந்து இல்லை என்றா சொல்லப் போகிறது.

இரண்டு நாள் அவள் ஒன்றும் செய்யவில்லை. யாழினியை வைஃபை இல்லாமல் மறுபடி பாடச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதை நினைத்தபோது கிடைத்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை வழிபாடு முடிந்ததும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முன்னால் முப்பது பேராவது இருப்பார்கள். முழங்காலிட்டதும், "ஒருத்தர் மேல இல்லாத குத்தத்தச் சொல்லிட்டேன் ஃபாதர்" என்றாள்.

"வேணும்னே சொன்னீங்களாம்மா?"

"தெரியாமச் சொல்லிட்டேன் ஃபாதர்."

மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. செருப்பு விட்ட இடம் வரை அந்த லேசு கூட வந்தது. அங்கே கடைசி வரிசைப் பெஞ்சில் இன்பமேரி உட்கார்ந்திருந்தாள். வரிசையில் மிச்சமிருந்தவர்கள் தவக்காலப் பாட்டொன்றைப் பாட, அவள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாமல் சொன்னேன் என்றது அடுத்த பொய் என்பது அப்போதுதான் அக்சிலியாவுக்கு உறைத்தது. பாவசங்கீர்த்தனத்திலேயே ஒரு பாவத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வெயில் ஏறிவிட்டது. இன்பமேரியின் வீட்டு மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்திருந்தது. ஜவ்வரிசிக் கூழைக் கரண்டி கரண்டியாக ஊற்றி வடகம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா சாமி. ஓரமா வா, மிதிச்சிராத." சொல்லும்போதே முகத்தைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு கையிலும் கூழ் ஒட்டியிருந்தது. வாயை மூடக் கை இல்லை.

அக்சிலியா குந்தி உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னிக்கு வந்த சத்தம் உங்க பல்லுல இருந்து வரலைங்க. என் கம்ப்யூட்டர்ல இருந்துதான் வந்துது. வைஃபையால."

கரண்டி நிற்கவில்லை. ஒரு வட்டம் ஊற்றினாள், அதன் பக்கத்தில் இன்னொரு வட்டம்.

"வைஃபைன்னா, போன்ல படம் பாக்குறாங்களே, அதா?"

"ஆமாங்க."

"அதுக்கும் எம் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லைங்க."

"இல்லதானே" என்றாள் இன்பமேரி. கூழைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினாள். "அன்னிக்கு ஊட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னு பாடிப் பாத்தேன். கதவச் சாத்திட்டுப் பாடினேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. சரி, பல்லு போனாப்பல காதும் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

அக்சிலியாவால் நிமிர முடியவில்லை. வேட்டியில் வட்டங்கள் ஈரமாகப் பளபளத்தன.

"அப்பவே பாத்திருந்தா தெரிஞ்சிருக்குங்க அத்தை. நான் பாக்கல. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துது, அதான் உங்களச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறதுல என்ன இருக்குது, மன்னிக்கத்தான் வேணும். தவக்காலம் வேற." இன்பமேரி பாத்திரத்தின் ஓரத்தில் கரண்டியை வழித்தாள். "அன்னிக்கு ஒம்போது பேரு நின்னோம். இன்னிக்கு இந்த மொட்டமாடில ரெண்டு பேரு இருக்கோம்."

எழுந்து உள்ளே போனாள். டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கையைக் கழுவிவிட்டாள் இப்போது. பேசுவதற்கு முன் கை வாய்க்குப் போயிற்று. "குடிச்சிட்டுப் போ. வெயிலு."

புதன்கிழமை சாயந்தரம் பங்குக் கூடத்தில் பயிற்சி. அக்சிலியா சின்ன ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனாள். பாக்கியநாதன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாழினி இருந்தாள், மற்ற எல்லோரும் இருந்தார்கள், கடைசி நாற்காலியில் இன்பமேரியும் இருந்தாள். ஒன்பது பேரையும் அக்சிலியா எண்ணிக்கொண்டாள்.

"எல்லாரும் இதக் கொஞ்சம் கேளுங்க" என்று சொல்லி அந்த ஏழு விநாடியை ஓடவிட்டாள். கூடம் முழுக்க டிக் என்றது. "இதுல அத்தை பாடல. வாயவே தொறக்கல. இது என் மெசின்ல வர்ற சத்தம். அன்னிக்கே எனக்குக் காதுல விழுந்துது. கேக்காத மாதிரி இருந்துட்டு அத்தை பல்லுன்னு சொல்லிட்டேன்."

பிறகு அடிக்குரல் பாடும் ஒருவர், "அப்ப போன வாரம் எனக்குச் சுதி வெலகுனதும் வைஃபையாத்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "ஐயோ, நான் தப்பிச்சேன், எனக்குச் செமஸ்டர் இருக்குது" என்றாள் யாழினி. மறுபடி சிரிப்பு. பாக்கியநாதன் மட்டும், "அப்ப நான் கேட்டதுக்கே இதச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றார், கோபமில்லாமல். அந்தச் சிரிப்புக்கு நன்றி சொல்ல வேண்டும் போலவும், அதைக் கையால் தட்டிவிட வேண்டும் போலவும் அக்சிலியாவுக்கு இருந்தது. இவ்வளவு லேசில் முடிந்துவிடக் கூடாத ஒன்று, லேசில் முடிந்துகொண்டிருந்தது.

இன்பமேரி சிரிக்கவில்லை. கையைக் கீழே இறக்கி மடியில் வைத்தாள். "எத்தன மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை வந்து பாடினாள், பல்செட்டோடு. வைஃபை அணைந்திருந்தது, ரவுட்டரின் பிளக்கையே பிடுங்கி வைத்திருந்தாள் அக்சிலியா. ஒரு சொடக்கும் இல்லை. ஆனால் ஒவ்வோர் அடி முடிந்ததும் இன்பமேரி நிறுத்தி, "வருதா?" என்று கேட்டாள். "இல்லைங்க அத்தை." அடுத்த அடி. "இப்ப?" உதட்டை முழுசாகத் திறக்காமல், எதையோ வாய்க்குள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாடுவது போலப் பாடினாள். 'தாரும்' என்று விரிய வேண்டிய இடத்தில் குரல் விரியவில்லை. இன்னும் கொஞ்சம் திறந்து பாடுங்கள் என்று அவளிடம் சொல்ல அக்சிலியாவுக்கு வாய் வரவில்லை. இந்த அறையில் அந்த வாயைப் பற்றிப் பேசும் உரிமை அவளுக்கு இனி கிடையாது.

"நல்லா வந்திருக்குதா சாமி?"

"வந்திருக்குதுங்க."

அவள் போனபின் இரண்டு பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டாள். புதியதில் ஒரு குறையும் இல்லை, பாட்டும் இல்லை. சனிக்கிழமைப் பதிவில் அந்தப் பழைய குரல் இருந்தது, யாரும் வாயைப் பார்ப்பதற்கு முன்பிருந்த குரல். நாற்பத்து மூன்று இடங்களில் அறுபட்டுக் கிடந்தது.

கருவி ஒன்று உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாச் சொடக்கையும் தானே துடைத்துவிடும், கூடவே குரலின் ஓரத்தையும் கொஞ்சம் மழித்துவிடும். அதை அவள் தொடவில்லை. முதல் இடத்தைப் பெரிதாக்கினாள். அறுந்த இரண்டு முனைகளையும் கையால் வரைந்து இணைத்தாள். கேட்டாள். சரியில்லை, மறுபடி வரைந்தாள். ஒரு சொடக்குக்குக் கால் மணி நேரம் ஆகியது. ஜோஸ்வா வந்து எட்டிப் பார்த்தான். "இன்னும் எத்தன இருக்குது?" "முப்பத்தொம்போது." டீ வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் மத்தியானம் முப்பத்தாறாவது இடத்துக்கு வந்தாள். பெரிதாக்கியவள் கையை எடுத்துவிட்டாள். அலை அறுபடவில்லை. சின்னதாக ஒரு குமிழ் எழுந்து அடங்கியிருந்தது.

பல்.

நாற்பத்து மூன்றில் ஒன்று நிஜமாகவே பல். அவள் மனம் அந்தக் கணமே துள்ளியெழுந்து ஓடியது: பார்த்தீர்களா, நான் முழுசாகப் பொய் சொல்லவில்லை. ஜோஸ்வாவிடம் சொல்லலாம், பாக்கியநாதனிடம் கூடப் போகிற போக்கில் சொல்லலாம். அந்தத் துள்ளலை அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மொட்டைமாடிக்கும் கூடத்துக்கும் போய் வந்த பிறகும் அது உள்ளே அப்படியே, குறையாமல், காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த இடத்தைத் திரும்பக் கேட்டாள். 'சுமந்த' என்ற சொல்லுக்குச் சற்று முன்னால், மூச்சு எடுக்கும்போது விழுந்திருந்தது. தெரிந்து கேட்டால்தான் கேட்கும்.

அதை அவள் துடைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் போவதில்லை. முப்பத்தேழாவது இடத்துக்கு நகர்ந்து, பெரிதாக்கி, அறுந்த முனைகளைத் தேடினாள்.